நீளக் குழாய்

அன்னப்பூரணி வாகனம் ஓட்டுவாள் என்பது மட்டக்களப்பில் தெரியாதவர்கள் குறைவு. சண்டை உக்கிரமாக நடந்த வருடங்களில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் பெரிய ஜீப்பை அவள்தான் ஓட்டினாள். வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, வாவிக்கு அக்கரையில் புலிகளின் பிடியிலிருந்த படுவான்கரைப் பக்கத்துக்கு மருந்தும் கூடாரத் துணியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். ஆண் ஓட்டுனர்களை இரண்டு பக்கத்தாரும் மறித்து வைத்துக்கொண்ட காலம் அது. பெண் என்றால் கொஞ்சம் யோசித்தார்கள். அப்படித்தான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது.

ஆனால் அவள் தனக்கென்று ஒரு கார் வாங்குவாள் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. அதுவும் இரண்டே கதவுள்ள, நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிற ஒரு சிவப்பு ஹொண்டாவை. கொழும்பில் ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய பந்தயக் கார் அது. கனடாவுக்குப் போகிற அவசரத்தில் கிடைத்த விலைக்கு விட்டார். யுத்த நிறுத்தம் வந்து பாதைகள் திறந்த அந்த வருடம், ஆவணி மாதத்தில், கொழும்பிலிருந்து அதைத் தானே ஓட்டிக்கொண்டு கல்லடிக்கு வந்து சேர்ந்தாள். வீட்டு வாசலில் நிறுத்தியபோது அக்கா புஸ்பம் வெளியே வந்து பார்த்தாள்.

“மற்றாக்கள் எங்க இருக்கிற?” என்று கேட்டாள்.

“பின்னால ஒரு சீற் இருக்கு.”

“அது சீற்றா? அதில பூனைதான் இருக்கும்.”

புஸ்பத்தின் கணவர் தங்கராசா காரைச் சுற்றி நடந்துவிட்டு, சாமான் நல்ல சாமான் என்று மட்டும் சொன்னார். முப்பத்தாறு வயதுவரை கலியாணம் பேசிப் பேசி அலுத்துப்போன வீடு அது. கார் என்றதும் எதிர்ப்பதற்கு அவர்களிடம் பலம் மிச்சம் இருக்கவில்லை.

காரை வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. சித்திரை மாதத்தில் நுவரெலியாவில் மலையேற்ற ஓட்டம் ஒன்று நடக்கும். கார்களை ஒவ்வொன்றாக மேலே ஏறவிட்டு நேரம் பார்ப்பார்கள். பெண்களுக்கு என்று தனியாக ஒரு பிரிவும் உண்டு. கொழும்புத் தலைமையகத்தில் வேலைசெய்த ஓட்டுனர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னது இது. அன்னப்பூரணிக்கு அது மனதில் தங்கிவிட்டது. இத்தனை வருடமும் அவள் ஓட்டியதெல்லாம் யாரோ அனுமதித்த பாதையில், யாரோ சொன்ன வேகத்தில், யாரோ மறிக்கிற இடம் வரைக்கும்தான். மறிக்க ஆளில்லாத ஒரு பாதையில் காலை முழுதாக அமத்திப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். வேறு ஒன்றுமில்லை.

காத்தான்குடியின் எல்லையில், பெரிய றோட்டோரமாக, அப்துல் மஜீத் கராஜ் வைத்திருந்தார். துபாயில் பணக்காரப் பிள்ளைகளின் கார்களுக்கு வேகம் ஏற்றிக் கொடுக்கிற ஒரு கராஜில் நெடுங்காலம் வேலைசெய்தவர். ஊருக்கு வந்த பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் உழவு இயந்திரமும் பழைய வேன்களும்தான். சிவப்புக் காரின் பொனட்டைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. பிரிந்துபோன கூட்டாளியைக் கண்டவர்போல நின்றார்.

“எஞ்சின் நல்லாரிக்கி தங்கச்சி. இதுக்கு மூச்சுத்தான் பத்தல்ல.”

எஞ்சின் பெற்றோலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. காற்று எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு நெருக்கமாக உள்ளே போகும். எரிவதும் நன்றாக எரியும். எனவே காரோடு வந்த காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு குழாய் பூட்டவேண்டும் என்பது மஜீத்தின் கட்சி. எந்தக் குழாய் என்பதில்தான் வாதம் தொடங்கியது. துபாயில் இருந்த சிநேகிதரிடம் சொல்லி அவர் இரண்டு வகைக் குழாய் எடுப்பித்தார். கார்த்திகை பிறக்கும் முன்பே ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டிக்குள் உடுப்புகளோடு உடுப்பாக அவை வந்து சேர்ந்தன. கராஜ் தரையில் ஒரு சாக்கை விரித்து, பழைய பெட்டியையும் புதிய குழாய்கள் இரண்டையும் வரிசையாக வைத்தார்.

“இது கம்பனிப் பெட்டி. மூக்கப் பொத்திக்கிட்டு ஓடச் சொல்ற மாதிரி. இது கட்டக் குழாய். எஞ்சினுக்குப் பக்கத்திலயே நிண்டு காத்து இழுக்கும். சத்தம் வரும், ஆனா எஞ்சின்ட சூட்டத்தான் திரும்பக் குடிக்கும். இந்தா, இதுதான் சாமான்.”

அவர் தூக்கிக் காட்டியது நீளக் குழாய். வெள்ளி நிறம், ஒரு பெண்ணின் கையளவு நீளம், நடுவில் ஒரு வளைவு. அதன் நுனியில் கூம்பு வடிவத்தில் சிவப்பு வடிகட்டி. எஞ்சினை விட்டு விலகி, முன்சில்லுக்கு முன்னால் இறங்கி, பம்பருக்குப் பின்னே நிலத்துக்குக் கிட்டப் போய் நிற்கும். அங்கே சூடு கிடையாது.

அன்னப்பூரணி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். வடிகட்டி எந்த உயரத்தில் நிற்கும் என்று காரோடு வைத்து அளந்தாள். அது அவளுடைய முழங்காலுக்கும் கீழே நின்றது.

“துபாயில மழை பெய்யுமா நானா?” காத்தான்குடி வழக்கப்படி அவரை அவள் அண்ணன் முறையில் கூப்பிட்டாள்.

“வரிசத்தில ஒருக்கா ரெண்டுதரம் தூறும்.”

“இஞ்ச மார்கழியில றோட்டுக்கு மேலால தோணி விடலாம். இது தண்ணியக் குடிச்சா எஞ்சின் என்னாகும்?”

மஜீத் சிரிக்கவில்லை. அது அவருக்கும் தெரிந்ததுதான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு குவளை தண்ணீர் உள்ளே போனால் போதும், பிஸ்டனைத் தாங்குகிற இரும்புத் தண்டு வளைந்துவிடும்.

“சரி, மாரி முடியட்டும். மாசியில பூட்டுவம். அதுவரைக்கும் கட்டக் குழாயப் போட்டு ஓடிப் பாருங்க.”

அப்படியே கட்டைக் குழாயைப் பூட்டினார்கள். நேரான பாதையில் ஆரையம்பதிப் பக்கம் ஓட்டிப் பார்த்தபோது முதலில் நன்றாகத்தான் இருந்தது. சத்தமும் பிடித்திருந்தது. ஆனால் அவள் தினமும் கல்லடிப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகவேண்டியவள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய இரும்புப் பாலம். இந்தப் பக்கம் காத்து நின்று, அந்தப் பக்கம் சாவடியில் காத்து நின்று, பொனட்டுக்குள் அனல் ஏறிவிடும். அதற்குப் பிறகு காலை அமத்தினால் கார் சோம்பல் பிடித்த மாடுபோல நகர்ந்தது. பழைய பெட்டியோடு ஓடியபோதுகூட இவ்வளவு மோசமில்லை. நிற்காமல் ஓடுகிற ஊர்க்காரர்களுக்குத்தான் கட்டைக் குழாய் சரிவரும் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பழைய பெட்டியைத் திரும்பப் போடச் சொல்லவேண்டும் என்றுதான் அடுத்த முறை காத்தான்குடிக்குப் போனாள். இடையில் இரண்டு நாள் கர்த்தால். யார் எதற்காகக் கடையடைக்கச் சொன்னார்கள் என்பது அவளுக்கு இப்போது நினைவில்லை. கர்த்தால் முடிந்து போனபோது வானம் வெளித்திருந்தது. நீளக் குழாய் கராஜ் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அதை ஒருக்காப் பூட்டிப் பாப்பமா?” என்று அவளே கேட்டாள்.

“மழை?”

“மழை வந்தா கழற்றுவம்.”

மஜீத்துக்கும் கை துறுதுறுத்ததுதான். ஆனாலும் வேண்டாம், மாசி வரட்டும் என்று ஒருமுறை சொன்னார். பிறகு ஸ்பனரை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே படுத்துவிட்டார். அவருடைய மனைவி ஸஹீதா உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவரையும் பார்த்து, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கிறவள்போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

நீளக் குழாயோடு கார் வேறு காராகிவிட்டது. பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும், விட்டதும் பாய்ந்தது. கட்டைக் குழாயின் கூச்சல் இதில் இல்லை; தொண்டைக்குள்ளிருந்து வருகிற ஆழமான உறுமல் ஒன்று வந்தது. அன்னப்பூரணி அன்று தேவையில்லாமல் இரண்டுமுறை பாலத்தைக் கடந்தாள்.

அந்த உறுமல் சாவடிக்காரர்களின் காதிலும் விழுந்தது. ஒரு காலை நேரம் சிப்பாய் ஒருவன் பொனட்டைத் திறக்கச் சொன்னான். இவ்வளவு பருமனான குழாய்க்குள் எதை ஒளித்தாலும் தெரியாது என்பது அவன் எண்ணம். கழற்று என்றான். அன்னப்பூரணி சிங்களம் பேசுவாள். வாதாடிப் பயனில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். திருப்புளியை எடுத்துக் கிளிப்பைத் தளர்த்தி, குழாயின் மேல்பாதியைக் கையில் கொடுத்தாள். அவன் முழங்கைவரை உள்ளே விட்டுப் பார்த்தான். கையில் எண்ணெய்தான் பட்டது. அதற்குள் அவனுடைய அதிகாரி வந்துவிட்டார். இது எதற்கு என்று கேட்டார். விளக்கினாள்.

“இப்ப வேகம் கூடவா?” என்றார் அவர்.

“கூடத்தான் போல. முழுசாப் பார்க்க ஒரு றோட்டு இல்ல.”

அவர் போகலாம் என்று கையைக் காட்டினார். பின்னால் காத்து நின்ற பஸ்காரர் எரிச்சலோடு ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் குழாயைத் திரும்பப் பூட்டும்வரை அவர் அடிப்பதை நிறுத்தவில்லை.

மார்கழியில் மழை பிடித்துக்கொண்டது. அவள் நீளக் குழாயைக் கழற்றவில்லை. மழை நாட்களில் காரை வீட்டில் விட்டுவிட்டு நிறுவனத்தின் ஜீப்பில் போனாள். அது போதும் என்றிருந்தாள்.

ஸஹீதாவின் ஊர் பட்டணத்துக்கு வடக்கே உள்ள ஏறாவூர் என்ற முஸ்லிம் ஊர். அவளுடைய தங்கை நஸீறாவின் கலியாணம் அந்த மாதக் கடைசியில் அங்கே நடப்பதாக இருந்தது. மஜீத் முதல் நாளே கதிரை, மேசை, சமையல் பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வட்டிலப்பம் அவிப்பதில் அந்தக் குடும்பத்தில் ஸஹீதாவுக்கு மிஞ்சியவர் இல்லை என்பதால், அவள் அதை முடித்துவிட்டு மறுநாள் வருவதாக ஏற்பாடு. மறுநாள் பகல் வேன் திரும்பி வரவில்லை. வழியில் வெள்ளம் என்று பஸ்களும் ஓடவில்லை.

அன்னப்பூரணி அன்று கராஜுக்குப் போனது பழைய பெட்டியை எடுத்துவரத்தான். மழை சற்று ஓய்ந்திருந்தது. வாசலில் ஸஹீதா கறுப்பு அபாயாவோடு, துணியால் மூடிக் கட்டிய இரண்டு தட்டங்களை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அன்னம் அக்கா, இவர் வாற மாதிரித் தெரியல்ல. பின்னேரம் நிக்காஹ். என்னக் கொண்டு விட ஏலுமா?”

குழாயை மாற்றிவிட்டுப் புறப்படலாம் என்று அன்னப்பூரணிக்குத் தோன்றியது. கராஜ் பூட்டியிருந்தது. திறப்பு மஜீத்திடம். நிறுவனத்து ஜீப்போ வாகரைக்குப் போயிருந்தது. அவள் வானத்தைப் பார்த்தாள். ஆழமில்லாத தண்ணீரில் எத்தனையோ தரம் போயிருக்கிறோம், கவனமாக ஓட்டினால் சரி என்று நினைத்தாள். ஓட்டியதெல்லாம் ஜீப் என்பதை அந்த நேரத்தில் அவள் பெரிதாக எடுக்கவில்லை.

“ஏறுங்க,” என்றாள்.

பட்டணத்தைத் தாண்டும்வரை ஒரு குறையுமில்லை. தன்னாமுனையில் றோட்டோரத்தில் தண்ணீர் நின்றது. மயிலம்பாவெளிக்கு அங்கால, வயல்தண்ணீர் றோட்டைக் குறுக்கறுத்து ஓடியது. அன்னப்பூரணி காரை நிறுத்தி, இறங்கி, நடந்துபோய்ப் பார்த்தாள். கணுக்காலுக்குச் சற்று மேலே. நடுவில் ஓர் இடத்தில் இன்னும் கொஞ்சம். வடிகட்டிக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண் மிஞ்சும். மெதுவாகப் போனால் போகலாம்.

மெதுவாகத்தான் போனாள். பாதித் தூரம் கடந்தபோது எதிரே நெல் ஏற்றிய லொறி ஒன்று வேகம் குறைக்காமல் வந்தது. அது தள்ளிக்கொண்டு வந்த அலை காரின் முன்பக்கத்தில் மோதி, பொனட்டுக்கு மேலால் ஏறியது. எஞ்சின் ஒருமுறை விக்கியது. பிறகு சுத்தியலால் இரும்பில் ஓங்கி அடித்ததுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மழைச்சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி தூறத் தொடங்கியிருந்தது.

“ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களன்,” என்றாள் ஸஹீதா.

“வேணாம். இனி அது வராது.”

அவள் திறப்பைத் தொடவில்லை. கைகளை ஸ்டியறிங்கில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை, தன்மீதே ஆத்திரம் வந்தது. கதவின் அடியால் தண்ணீர் மெல்ல உள்ளே வந்து இருவரின் கால்களையும் நனைத்தது. ஸஹீதா தட்டங்களை மடியில் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

றோட்டின் ஓரத்தில் ஒரு வீடு இருந்தது. அதன் படலையைத் திறந்துகொண்டு நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். ஆச்சிப்பிள்ளை என்று பிறகு பெயர் சொன்னாள்.

“புள்ளையள், ஏன் உள்ள இருக்கிறயள்? இறங்கி வீட்ட வாங்ககா. தண்ணி இன்னும் ஏறும்.”

அன்னப்பூரணி கதவைத் திறக்கப்போனாள். ஸஹீதா அவளுடைய கையைப் பிடித்தாள்.

“நீங்க போங்க அக்கா. நான் இதுக்குள்ளயே இரிக்கன்.”

அன்னப்பூரணி அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஸஹீதா ஆச்சிப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அந்த வீட்டையும் பார்க்கவில்லை. தட்டங்களின் துணி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறாவூர்க்காரி, தமிழ் ஊருக்கு நடுவில், ஓடாத காருக்குள் இருக்கிறாள் என்பது அப்போதுதான் அன்னப்பூரணிக்கு உறைத்தது. தொண்ணூறாம் ஆண்டில் இந்த ஊர்களுக்கும் அந்த ஊருக்கும் இடையில் நடந்த கொலைகளை இங்கே யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சொல்வதுமில்லை.

“நாங்க இதிலயே இருக்கிறம் அக்கா,” என்று ஆச்சிப்பிள்ளையிடம் சொன்னாள். “ஆராவது உழவு மெசினோட வந்தா மறிச்சு விடுங்க.”

ஆச்சிப்பிள்ளை அபாயாவைப் பார்த்தாள். அவளுக்கும் ஏதோ விளங்கியிருக்கவேண்டும். மேற்கொண்டு கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போய், இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றி, மழை விழாமல் கையால் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். அன்னப்பூரணி ஒன்றை வாங்கிக் குடித்தாள். மற்றதையும் வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். ஆச்சிப்பிள்ளை போகவில்லை, காரின் பொனட்டில் கையை ஊன்றியபடி, வெள்ளத்தைப் பற்றியும் இந்த வருடம் வட்டையில் நெற்பயிர் முழுக்க அழுகிப்போனதைப் பற்றியும் தன்பாட்டில் கதைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஸஹீதா கையை நீட்டினாள். தேத்தண்ணி ஆறிவிட்டிருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

கிரானுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சாமித்தம்பி என்பவரின் உழவு மெசின் அந்த வழியால் வந்தது. ஆச்சிப்பிள்ளைதான் மறித்தாள். எங்கே போகவேண்டும் என்று அவர் கேட்டார். ஏறாவூர், கலியாண வீடு என்றாள் அன்னப்பூரணி. அவர் பீடியை வாயிலிருந்து எடுத்து, காரை ஒருதரம் பார்த்து, “இந்தக் காரையா இந்தத் தண்ணிக்க இறக்கினயள்?” என்று கேட்டுவிட்டுக் கயிற்றை எடுத்தார்.

கார் இழுபட்டுப் போனது. அன்னப்பூரணிக்கு ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தண்ணீர் தாண்டி மேட்டுக்கு வந்த பிறகு ஸஹீதா பேசினாள்.

“எங்கட மூத்த காக்கா இந்த றோட்டாலதான் வந்த. பட்டணத்தில இருந்து சைக்கிள்ள. சைக்கிளும் கிடைக்கல்ல.”

ஸஹீதாவின் அண்ணனைப் பற்றி அன்னப்பூரணி கேள்விப்படுவது அதுதான் முதல் தடவை. எந்த இடம் என்று கேட்கலாமா என்று யோசித்துக் கேட்காமல் விட்டாள்.

“பஸ்ஸில வாற நேரமெல்லாம் தன்னாமுனை தாண்டினா நான் கண்ண மூடிக்குவன்,” என்றாள் ஸஹீதா. “ஊர் வந்து ஆக்கள் இறங்குற சத்தம் கேட்டாத்தான் திறக்கிற. இண்டைக்குத்தான் பாத்தன். வெறும் வயல்.”

அன்னப்பூரணி ஸ்டியறிங்கைத் திருப்பி, உழவு மெசினுக்குப் பின்னால் ஏறாவூருக்குள் காரை விட்டாள்.

கலியாண வீட்டு வாசலில் மஜீத் குடையோடு ஓடிவந்தார். மனைவியை இறக்கி உள்ளே அனுப்பினார். வட்டிலப்பத் தட்டங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாமித்தம்பியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதமாக நிறுத்தினார். பிறகு பொனட்டைத் திறந்து, வடிகட்டியைக் கழற்றிப் பிழிந்தார். சேறும் தண்ணீரும் வழிந்தன.

“மாசியில பூட்டுவம் எண்டு சொன்னனே,” என்றார்.

“ஓம் நானா, சொன்னீங்க.”

அதன் பிறகு அவர் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அன்னப்பூரணி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நனைந்த சீலைக்குப் பதிலாக மணமகள் நஸீறாவின் சீலை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அவளைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் காரைப் பற்றியே விசாரித்தார்கள். பாதையில் காத்திருந்த நேரத்தைப் பற்றி ஸஹீதா யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

எஞ்சினைத் திறந்தபோது அவர்கள் பயந்ததுதான் உள்ளே இருந்தது. தண்டு ஒன்று வாழைத்தண்டு மடங்கியதுபோல மடங்கிக் கிடந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடி, யப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின் ஒன்றை மஜீத் கொண்டுவந்தார். மாசியில் கார் மறுபடி ஓடத் தொடங்கியது. புஸ்பம் மட்டும், ஓடாமலே நின்றிருந்தால் கோழி அடைக்கவாவது உதவியிருக்கும் என்றாள்.

இப்போது மறுபடியும் அதே கேள்வி. எதைப் பூட்டுவது?

“கம்பனிப் பெட்டியப் போடுங்க,” என்றாள் அன்னப்பூரணி. “நீளக் குழாய நுவரெலியாவுக்கு எடுத்துக்கொண்டு போவம். அங்க போய்ப் பூட்டுவம்.”

“கட்டக் குழாய்?”

“அதை வித்துடுங்க. சத்தத்துக்கு ஆசைப்பட்ட ஆராவது வாங்குவாங்க.”

இரண்டு வாரத்துக்குள் ஒருவர் வாங்கவும் செய்தார். வேனுக்குப் பூட்டினாராம்.

சித்திரையில் அவர்கள் போனார்கள். மஜீத் சாமான்களோடு வேனில் பின்னால் வந்தார். ஸஹீதா காரில் முன் இருக்கையில் இருந்தாள். தான் வராவிட்டால் ஊர் வாய்க்கு வேலையாகிவிடும் என்று அவள் காரணம் சொன்னாள். உண்மையில் நுவரெலியாவைப் பார்க்க ஆசை. அம்பாறை, பிபிலை, பதுளை என்று பாதை நெடுக மறிப்பதற்கு ஆளில்லை. வெலிமடை வளைவுகளில் ஸஹீதா இரண்டுமுறை வாந்தியெடுத்தாள்.

ஓட்டத்தன்று காலை நுவரெலியாவில் பனிமூட்டம். மஜீத் கம்பளித் தொப்பியோடு, விரல்கள் விறைத்துப்போய், நீளக் குழாயைப் பூட்டினார். அந்தக் குளிரில் மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வந்தது.

“இவ்வளவு குளிர்ல எந்தக் குழாயப் பூட்டினாலும் ஒண்டுதான் நானா,” என்றாள் அன்னப்பூரணி.

“அத இஞ்ச வந்துதான் சொல்லணுமா?” என்றார் மஜீத். கிளிப்பை இறுக்கினார்.

பெண்கள் பிரிவில் அவளைத் தவிர எல்லாரும் கொழும்பு, கண்டிக்காரிகள். கொடி கீழே விழுந்ததும் அவள் காலை அமத்தினாள். தேயிலைச் செடிகளுக்கு இடையில் பாதை வளைந்து வளைந்து ஏறியது. முதல் வளைவில் அகலமாகப் போய்விட்டாள். இரண்டாவதில் பயந்தாள். அதற்குப் பிறகு ஒரு நேரான ஏற்றம் வந்தது. அங்கே யாருமில்லை. சாவடி இல்லை, தடி இல்லை, கையைக் காட்டி மறிக்கிற ஆளில்லை. கால் நிலத்தில் முட்டும்வரை அமத்தினாள். எஞ்சின் உறுமிக்கொண்டு இழுத்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அது ஒரு சில நொடிதான். அடுத்த வளைவு வந்துவிட்டது.

பின்னேரம் ஒரு கடையிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“எத்தினையாவதா வந்த நீ?” என்று கேட்டாள் புஸ்பம்.

“அஞ்சாவது.”

“எத்தின பேர்?”

“ஆறு.”

“ஆறாவதா வரல்லதானே,” என்று புஸ்பம் சொன்னாள்.

முதலாவதாக வந்த பெண்ணின் காரில் கம்பனிப் பெட்டியே இருந்தது. மஜீத் போய் அவளுடைய அனுமதியோடு பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். அதைப் பற்றி இரவுச் சாப்பாடு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு முடிவுக்கும் வரவில்லை.

மறுநாள் திரும்பினார்கள். மலையை விட்டு இறங்கி, பிபிலைக்கு அங்கால காட்டுப் பாதைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. நீண்ட தூரத்துக்கு ஒரு வாகனமும் இல்லை. ஸஹீதா வெகுநேரமாக அன்னப்பூரணியின் கால்களையும் கைகளையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, எனக்குக் கொஞ்சம் ஓடத் தாங்களன்.”

அன்னப்பூரணி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். மஜீத்தின் வேன் வளைவுக்கு அப்பால் இருந்தது. காரை ஓரமாக நிறுத்தினாள். இருவரும் இடம் மாறினார்கள். ஸஹீதா அபாயாவை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டாள்.

கார் ஒருமுறை துள்ளி நின்றது. மறுபடி துள்ளி நின்றது. இடது காலை மெதுவாக எடுக்கவேண்டும் என்று அன்னப்பூரணி அவளுடைய முழங்காலில் கைவைத்துக் காட்டினாள். அடுத்த தடவை கார் நகர்ந்தது. நடந்து போகிறவன் முந்திவிடக்கூடிய வேகத்தில், றோட்டின் நடுவால், இரண்டு பக்கமும் காடாக இருந்த பாதையில் அது போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்துசேர்ந்த மஜீத் ஹோர்ன் அடித்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கியதும் அடிப்பதை நிறுத்திவிட்டு, வேனை அவர்களுக்குப் பின்னால் அதே வேகத்தில் மெல்ல மெல்ல விட்டுக்கொண்டு வந்தார்.